ஆண்ட்ராய்டா, ஐபோனா: மாறுவதற்கு முன் எது கூட வராது என்று பாருங்கள்

புது ஐபோனைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பலர் தொடக்கத் திரைகளை எல்லாம் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தாண்டிவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் வாட்ஸ்அப் ஞாபகம் வருகிறது. பழைய ஆண்ட்ராய்டு போனில் ஆறேழு வருட சாட் இருக்கிறது. கூகுள் டிரைவில் தவறாமல் பேக்கப்பும் ஆகியிருக்கிறது. ஆனால் ஐபோனில் உள்ள வாட்ஸ்அப்புக்கு அந்த பேக்கப்பைத் திறக்கத் தெரியாது. ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுட்டில் இருப்பதை மட்டுமே அது படிக்கும். பழைய சாட்டைக் கொண்டுவர உதவும் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப், ஐபோனின் முதல் செட்டப் நடக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். செட்டப் முடிந்துவிட்டால் ஐபோனை முழுதாக அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர்கள் இழப்பதில் பெரும்பகுதி இப்படி வரிசை தவறியதால் போவதே. எதை முதலில் செய்ய வேண்டும் என்பது வாங்கிய பிறகு தெரியவருகிறது.

மாறலாமா வேண்டாமா என்ற பேச்சு எப்போதும் கேமரா, வேகம், திரை என்றே சுற்றிவருகிறது. அந்த ஒப்பீடு இரண்டாவதாக வரட்டும் என்பதே என் கருத்து. இரண்டு பக்கமும் நல்ல கேமரா இருக்கிறது, இரண்டு பக்கமும் வேகமான போன் இருக்கிறது. இந்தப் பக்கம் நீங்கள் வைத்திருப்பதில் எதெது அந்தப் பக்கம் வராது என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பட்டியல் சின்னதாக இருந்தால் தாராளமாக மாறலாம். நீளமாக இருந்தால், மாறுவதற்கு உங்களிடம் உள்ள காரணமும் அதற்கு ஈடான கனத்தோடு இருக்க வேண்டும்.

காரணத்தையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. 'போன் மெதுவாகிவிட்டது, சார்ஜ் நிற்கவில்லை' என்பது தளத்தின் குறை அல்ல, பேட்டரியின் வயது. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழுச் சுற்று சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஐபோன் 15 முதல் அது 1000 சுற்று. செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் 80-க்குக் கீழே காட்டினால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ஸ்டோரேஜ் நிரம்பி வழியும் போனும் திணறும். சில ஜிபியைக் காலி செய்தாலே மூச்சு விடும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோவது மட்டும் மெய்யான காரணம். முன்பு ஆண்ட்ராய்டைக் கைவிட இதையே பெரிதாகச் சொன்னார்கள். 2023-இல் வந்த பிக்சல் 8-க்கும், 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டு அப்டேட் அறிவிக்கப்பட்ட பிறகு, உயர்நிலை மாடல்களில் அந்த வாதம் வலுவிழந்துவிட்டது. மலிவான ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இன்னும் அது உண்மை. எந்த மாடலை வாங்குவதாக இருந்தாலும், எத்தனை ஆண்டு அப்டேட் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருப்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தாளில் எழுத வேண்டிய பட்டியல்

முதலில் கையில் கட்டியிருப்பதைப் பாருங்கள். ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டும்தான் இணையும். ஆண்ட்ராய்டுக்குப் போனால் அந்த வாட்சும் போனதாகவே கணக்கு. எதிர்ப்பக்கமும் அப்படியே: 2021-இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 தொடங்கி சாம்சங்கின் வாட்சுகள் ஐபோனோடு இணைவதில்லை, பிக்சல் வாட்சும் இணையாது. கார்மின் போன்றவை இரண்டோடும் பேசும். ஏர்பாட்ஸ் ஆண்ட்ராய்டில் சாதாரண ப்ளூடூத் இயர்போனாக வேலை செய்யும். தானாகக் கருவி மாறுவது, அதன் மென்பொருள் அப்டேட் இவையெல்லாம் கிடைக்காது. சாவிக்கொத்தில் ஏர்டேக் மாட்டியிருந்தால், அதைத் தேட ஐபோன், ஐபேட் போன்ற ஆப்பிள் கருவி வேண்டும். பலருக்கு முடிவு இங்கேயே வந்துவிடும், ஏனென்றால் போனோடு சேர்த்து வாட்சும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். அந்தத் தொகையை ஆரம்பத்திலேயே கூட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, காசு கொடுத்து வாங்கிய ஆப்கள். பிளே ஸ்டோரில் வாங்கியது ஆப் ஸ்டோரில் உங்களுடையது ஆகாது. திரும்ப வாங்க வேண்டும். மாதச் சந்தாக்களில் ஒரு பொறி உண்டு. ஸ்டோர் வழியாக எடுத்த சந்தா, போனை மாற்றினாலும் ஆப்பை நீக்கினாலும் ரத்தாகாது. பழைய கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொண்டே இருக்கும். பழைய போன் கையில் இருக்கும்போதே சந்தா பக்கத்தைத் திறந்து, எதை ரத்து செய்வது, எதை அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே நேரடியாக எடுத்துக்கொள்வது என்று தீர்த்துவிடுங்கள். விளையாட்டுகளில், நிலைகளெல்லாம் அந்த விளையாட்டின் சொந்த லாகினில் சேமிக்கப்பட்டிருந்தால் கூட வரும். கூகுளின் பிளே கேம்ஸிலோ ஆப்பிளின் கேம் சென்டரிலோ மட்டும் இருந்தால் வராது.

இதற்குப் பிறகு வருவது சில்லறைப் பட்டியல்: அலாரம், ரிங்டோன், தடுத்து வைத்த எண்கள், அழைப்புப் பட்டியல், வாய்ஸ் மெமோ, உடல்நலப் பதிவுகள். இவை தாமாக வந்துசேரும் என்று எண்ண வேண்டாம். ஆப்பிள் ஹெல்த்தில் உள்ளதைக் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு அதை அப்படியே விழுங்கிக்கொள்ளாது.

வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய ஒரு சோதனைக்கு ஒரு மாதம் ஒதுக்கினால் போதும், செலவே இல்லை. பழைய போனிலேயே, இரண்டு தளத்திலும் இருக்கும் ஆப்களுக்கு மட்டும் மாறிக்கொள்ளுங்கள். குறிப்புகளை இரண்டிலும் திறக்கும் ஓர் ஆப்பில் எழுதுங்கள். படங்கள், பாஸ்வேர்ட், காலண்டர், பிரவுசர் எல்லாவற்றுக்கும் அதே விதி. மாத முடிவில் எதற்காகத் திரும்பத் திரும்பப் பழைய ஆப்புக்கே போனீர்களோ, அதுதான் உங்களைக் கட்டிவைத்திருக்கும் கயிறு. அப்படி ஒன்றுமே இல்லை என்றால், மாறுவது ஒரு நாள் வேலை.

வாட்ஸ்அப்பைக் கொண்டுபோவது

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு: இரண்டு போனையும் சார்ஜரில் போடுங்கள். ஆண்ட்ராய்டில் மூவ் டு ஐஓஎஸ் ஆப்பை நிறுவி, வாட்ஸ்அப்பையும் புதிய பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். பேட்டரி சேவரை நிறுத்துங்கள். மொபைல் டேட்டாவையும், சிக்னல் பலவீனமானால் தானாக வேறு நெட்வொர்க்குக்குத் தாவும் வசதியையும் நிறுத்துங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஐபோன் தற்காலிகமாக ஒரு வைஃபையை உருவாக்கி அதன் வழியே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. அந்த வைஃபையில் இணையம் கிடையாது. 'இணையம் இல்லையே' என்று ஆண்ட்ராய்டு தானாகவே அதை விட்டுவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும்; மாற்றம் பாதியில் அறுந்துபோகும்.

ஐபோன் செட்டப்பில் ஆப்களையும் டேட்டாவையும் கேட்கும் திரையில் 'ஃப்ரம் ஆண்ட்ராய்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு குறியீடு வரும். அதை ஆண்ட்ராய்டில் உள்ளிடுங்கள். எதை எடுத்துப்போக வேண்டும் என்ற பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தொட்டதும் வாட்ஸ்அப் திறக்கும். அங்கே ஸ்டார்ட் அழுத்தினால் சாட்டைத் தயார் செய்து, பழைய போனில் உங்களை வெளியேற்றிவிடும். பயப்பட வேண்டாம், அது இயல்புதான். திரும்பவும் மூவ் டு ஐஓஎஸ்ஸுக்கு வந்து தொடருங்கள். பிறகு ஐபோனில் வாட்ஸ்அப்பை நிறுவி, அதே எண்ணில் நுழைந்து, கேட்கும்போது ஸ்டார்ட் அழுத்த வேண்டும். எண் மாறினால் சாட் வராது. வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியல் எப்படியும் வராது.

மாற்றம் நடக்கும்போது ஆண்ட்ராய்டில் வேறு ஆப்பைத் திறக்கக் கூடாது, அழைப்பை எடுக்கக் கூடாது. ஆண்ட்ராய்டு 'முடிந்தது' என்று சொன்னாலும் ஐபோன் திரையில் ஓடும் முன்னேற்றக் கோடு நிரம்பும் வரை காத்திருங்கள். இந்த முறையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டு போக வேண்டாம் என்பேன். தொடர்புகள், குறுஞ்செய்திகள், வாட்ஸ்அப் மட்டும் போகட்டும். படங்களையும் வீடியோவையும் சேர்த்தால் மணிக்கணக்கில் ஓடும். நீள நீள அறுந்துபோகும் வாய்ப்பும் கூடும். அவற்றுக்கு வேறு வழி இருக்கிறது, வாட்ஸ்அப்புக்குத்தான் இல்லை.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு: கேபிள் வேண்டும். ஐபோன் 14 வரை என்றால் ஒரு முனை லைட்னிங், மறு முனை யூஎஸ்பி-சி. ஐபோன் 15 முதல் இரு முனையும் யூஎஸ்பி-சி. புது ஆண்ட்ராய்டு போனின் முதல் செட்டப்பில் பழைய போனிலிருந்து நகலெடுப்பதைத் தேர்ந்தெடுத்துக் கேபிளை மாட்டுங்கள். அது காட்டும் க்யூஆர் கோடை ஐபோனில் ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப் திறக்கும். அதுவாகத் திறக்காவிட்டால், வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், அதனுள் சாட்டை ஆண்ட்ராய்டுக்கு மாற்றும் தேர்வு. இங்கேயும் புது போன் செட்டப் முடியாத நிலையில் இருக்க வேண்டும்.

டெலிகிராமில் இந்தப் பாடெல்லாம் இல்லை. சாதாரண சாட் சர்வரில் இருப்பதால் நுழைந்தவுடன் வந்துவிடும். ரகசிய சாட் மட்டும் அந்தக் கருவியோடு நின்றுவிடும்.

படங்கள்

ஐபோனை விட்டுப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஐகிளவுட் போட்டோஸில் 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' போட்டிருக்கிறதா என்பதை. அது இயங்கினால் போனில் இருப்பது பல படங்களின் சிறு பிரதிகள்தாம், அசல் ஐகிளவுட்டில். கேபிளால் நகலெடுக்கும்போது அந்த அசல்கள் வராது. இதற்கு ஆப்பிளின் தனியுரிமை இணையதளத்தில் வழி வைத்திருக்கிறார்கள்: ஐகிளவுட் படங்களின் பிரதியை நேராக கூகுள் போட்டோஸுக்கு அனுப்பக் கோரலாம். 3 முதல் 7 நாள் ஆகும் என்று ஆப்பிளே சொல்கிறது. ஆகவே போன் வாங்கும் நாளன்று அல்ல, ஒரு வாரம் முன்பே கோரிக்கையைப் போட வேண்டும். கூகுளில் போதிய இடமும் இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதை ஜிமெயிலும் டிரைவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பிறரோடு பகிர்ந்த ஆல்பங்கள் இந்த வழியில் வராது. அவற்றிலிருந்து வேண்டியதை முதலில் உங்கள் நூலகத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டிலிருந்து போகிறவர்கள் கூகுள் போட்டோஸிலேயே படங்களை வைத்திருந்தால் ஒன்றையும் நகர்த்த வேண்டியதில்லை. ஐபோனில் அதே ஆப்பை நிறுவி நுழைந்தால் போதும். ஆபத்து அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. ஐபோனில் ஐகிளவுட் போட்டோஸும் கூகுள் போட்டோஸும் இரண்டும் இயங்கும்போது, 'இடத்தைக் காலி செய்' என்று கூகுள் போட்டோஸில் அழுத்தினால், போனிலிருந்து படம் போகும். போனிலிருந்து போனதால் ஐகிளவுட்டிலிருந்தும் போகும், அதனால் ஐபேடிலிருந்தும் மேக்கிலிருந்தும் போகும். ஐகிளவுட் இதை ஒத்திசைவாகப் பார்க்கிறதே தவிர பேக்கப்பாகப் பார்ப்பதில்லை. நீக்கியவை 30 நாள் 'ரீசன்ட்லி டெலீட்டட்' பகுதியில் இருக்கும். அதற்குள் மீட்டால்தான் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதே நிம்மதி.

ஆண்ட்ராய்டில் மெமரி கார்டு போட்டிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். ஐபோனில் கார்டு போடும் இடமே கிடையாது. போனில் 90 ஜிபி, கார்டில் 60 ஜிபி என்றால் 128 ஜிபி ஐபோனில் அது அடங்காது.

உங்கள் எண் எங்கே மாட்டிக்கொள்ளும்

ஐபோனை விட்டுப் போகும்போது ஐமெசேஜை அணைக்காமல் சிம்மை எடுத்துவிட்டால், ஐபோன் வைத்திருக்கும் மற்றவர்கள் அனுப்பும் செய்திகள் உங்களுக்கு வராமல் போகலாம். அவர்களுடைய போன், உங்கள் எண் இன்னும் ஐமெசேஜில் பதிவாகியிருப்பதைப் பார்த்து, குறுஞ்செய்தியாக அனுப்பாமல் ஆப்பிள் சர்வர் வழியே அனுப்பும். அங்கே அதை வாங்கிக்கொள்ளக் கருவி இல்லை. அனுப்பியவருக்குத் தவறு எதுவும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எனவே சிம் உள்ளே இருக்கும்போதே மெசேஜஸ் செட்டிங்ஸில் ஐமெசேஜையும், ஃபேஸ்டைம் செட்டிங்ஸில் ஃபேஸ்டைமையும் அணையுங்கள். மறந்துவிட்டால், எண்ணைக் கொடுத்துக் குறியீடு பெற்றுப் பதிவை நீக்கும் பக்கம் ஆப்பிள் இணையதளத்தில் 2014 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டை விட்டுப் போகிறவர்கள், கூகுள் மெசேஜஸில் ஆர்சிஎஸ் சாட்டை (குறுஞ்செய்தியை இணையம் வழியே அனுப்பும் வசதி) இதே காரணத்துக்காக அணைக்க வேண்டும்.

இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருங்கள். ஒரே தளத்துக்குள் அதை நகர்த்துவது எளிது. தளம் மாறும்போது பெரும்பாலும் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் புதிதாக க்யூஆர் கோடு வாங்க வேண்டிவரும். பழைய போனில் இ-சிம்மை நீக்கிவிட்டுப் புதியதற்குக் காத்திருக்கும் இடைவெளியில் எந்த ஓடிபியும் வராது. அந்த இடைவெளியில் வங்கி வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தொடர்புகளில் இரண்டு சிக்கல். ஆண்ட்ராய்டில் சில எண்கள் கூகுள் கணக்கில் இல்லாமல் சிம்மிலோ போனிலோ மட்டும் சேமிக்கப்பட்டிருக்கும். கணினியில் கூகுள் கான்டாக்ட்ஸைத் திறந்து, முக்கியமான பத்துப் பேரின் எண் அங்கே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இன்னொன்று, மூவ் டு ஐஓஎஸ் மூலமும் தொடர்புகளைக் கொண்டுவந்து, ஐபோனில் கூகுள் கணக்கையும் சேர்த்தால் ஒவ்வொரு பெயரும் இரண்டிரண்டாக நிற்கும். ஏதாவது ஒரு வழி போதும்.

பாஸ்வேர்டுகளை ஏற்றுமதி செய்தால் கிடைக்கும் சிஎஸ்வி கோப்பு பூட்டில்லாத பெட்டி, யார் திறந்தாலும் படிக்கலாம். புது இடத்தில் சேர்த்த உடனே அதை நீக்குங்கள். டவுன்லோட்ஸ், குப்பைத்தொட்டி இரண்டிலிருந்தும். ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு எளிய வழி உண்டு: குரோமை நிறுவி, ஐபோனின் ஆட்டோஃபில் செட்டிங்ஸில் அதைத் தேர்ந்தெடுத்தால், கூகுளில் சேமித்த பாஸ்வேர்டுகளே மற்ற ஆப்களிலும் நிரம்பும். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக போனின் பூட்டைத் திறந்து நுழையும் முறை) உள்ள கணக்குகளுக்கு, பழைய போன் உயிரோடு இருக்கும்போதே புது போனில் நுழைந்து புதிய பாஸ்கீ உருவாக்கிவிடுவது பாதுகாப்பான வழி.

கணக்குகளில் நுழையும்போது கேட்கும் ஆறு இலக்கக் குறியீட்டைத் தரும் ஆப்களை சிம்மை மாற்றும் முன்பே கொண்டுபோக வேண்டும். கூகுள் ஆதென்டிகேட்டரில் 'டிரான்ஸ்ஃபர் அக்கவுன்ட்ஸ்' மூலம் க்யூஆர் கோடாக இரண்டு தளத்துக்கும் மாற்றலாம். மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டரின் பேக்கப்பை ஒரு தளத்தில் எடுத்து இன்னொன்றில் மீட்க முடியாது. ஒவ்வொரு கணக்காகத்தான் திரும்பச் சேர்க்க வேண்டும். வங்கி ஆப்கள் போனோடு கட்டப்பட்டவை, அவற்றின் பதிவை எந்த மாற்று ஆப்பும் நகலெடுக்காது. சிம் புது போனுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாகப் பதிவு செய்யுங்கள். ஒன்று முடிந்து பணம் அனுப்பிச் சரிபார்த்த பிறகே அடுத்தது.

கைப்பழக்கம் மாற இரண்டு வாரம் ஆகும். ஆண்ட்ராய்டில் திரையின் இடது, வலது எந்த ஓரத்திலிருந்து இழுத்தாலும் பின்னால் போகும். ஐபோனில் பெரும்பாலும் இடது ஓரம், சில ஆப்களில் அதுவும் இல்லை. தமிழில் நிறைய எழுதுகிறவர்கள் வாங்கும் முன்பே கீபோர்டைத் தொட்டுப் பாருங்கள். ஐபோனில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன: செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, கீபோர்ட்ஸ், ஆட் நியூ கீபோர்டு. வெளி கீபோர்டை நிறுவினாலும் பாஸ்வேர்ட் கட்டத்தில் ஐபோன் தன் சொந்த கீபோர்டையே காட்டும், அது பழுதல்ல.

பழைய போனை எப்போது விடுவது

ஒரு மாதம் வைத்திருங்கள். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் ஆப், மாதக் கடைசியில் வரும் சந்தா, மறந்துபோன ஓர் ஆதென்டிகேட்டர் கணக்கு எல்லாம் அதற்குள் தலைகாட்டிவிடும். பழைய போனை விற்றுத்தான் புதியதற்குப் பணம் சேர்க்க வேண்டும் என்ற நிலை இருந்தால், முடிந்தவரை மாற்றத்தைத் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு மாதம் அவ்வளவு மதிப்புள்ளது.

அழிக்கும் முன், ஐபோனாக இருந்தால் கணினியில் ஒரு பேக்கப் எடுங்கள், 'என்கிரிப்ட்' என்பதை டிக் செய்து. அப்போதுதான் உடல்நலப் பதிவும் பாஸ்வேர்டும் அதில் சேரும். வாட்ச் இருந்தால் முதலில் அதன் இணைப்பைப் பிரியுங்கள். பிறகு ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அதன்பிறகே 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்'. வெளியேறாமல் அழித்தால் ஆக்டிவேஷன் லாக் நிற்கக்கூடும், அப்படி நின்றால் வாங்கியவர் உங்கள் பாஸ்வேர்ட் இல்லாமல் போனைத் திறக்க முடியாது. ஆண்ட்ராய்டிலும் கூகுள் கணக்கை அக்கவுன்ட்ஸ் பகுதியில் நீக்கிவிட்டுத்தான் ரீசெட், 5.1 பதிப்பு தொடங்கி அங்கும் இதே போன்ற பூட்டு இருக்கிறது. மெமரி கார்டை வெளியே எடுக்க மறக்க வேண்டாம். அந்த கார்டை 'உள் ஸ்டோரேஜ்' ஆகப் பயன்படுத்தியிருந்தால் வேறு கருவியில் அது படிக்காது; ரீசெட்டுக்கு முன்பே அதில் உள்ளதைக் கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள்.

ஐகிளவுட் அல்லது கூகுள் ஸ்டோரேஜ் சந்தாவை, படங்கள் முழுதும் மறுபக்கம் வந்துவிட்டன என்று எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நிறுத்துங்கள். அதோடு, பழைய கணக்கின் கருவிப் பட்டியலைத் திறந்து, அந்தப் போனின் பெயரை நீக்கிவிடுங்கள்.